பட்ஜெட் வந்த சனிக்கிழமை

2025 பிப்ரவரி 1 ஒரு சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். டில்லியில் மதியம் பட்ஜெட் வாசித்து முடித்தார்கள். சாயங்காலம் பனியன் கம்பெனிகள் விடுவதற்குள் "12 லட்சம் வரைக்கும் வரி இல்லை" என்ற செய்தி எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். அன்றைக்கு ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். செக்கிங் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் வாரச் சம்பளத்தை இரண்டு தடவை எண்ணிப் பர்சுக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, வரி கொறச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே, நமக்கு எவ்வளவுங்க மிச்சமாகும்?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்கக்கா" என்றேன். சொன்னது சரிதான், ஆனால் பாதிப் பதில். மீதியைச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை.

அந்த ஒரே கம்பெனியில் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக எண்களை வட்டமாக்கியிருக்கிறேன். செக்கிங் அக்காவுக்கு மாதம் 12 ஆயிரம், இன்னொரு கம்பெனியில் டைலராக இருக்கும் அவர் வீட்டுக்காரருக்கு 15 ஆயிரம். ஆக, வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்து 24 ஆயிரம். இரண்டாவது ஆள் மெர்ச்சண்டைசர் தம்பி. வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டரை நகர்த்துகிறவர், மாதம் 1 லட்சம் சம்பளம். மூன்றாவது முதலாளி. தன் பெயரிலேயே தொழில் நடத்துகிறார், வரிக்கு உட்பட்ட வருமானம் 60 லட்சம்.

முதல் விஷயம், கட்டாத வரியைக் குறைக்க முடியாது. பட்ஜெட் விவாதங்களில் இது ஏனோ பாதி நேரம் விட்டுப்போகிறது. நாட்டில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள் 8 கோடிக்கு மேல். அதில் வரி என்று ஒரு தொகையை நிஜமாகக் கட்டுகிறவர்கள் ஏறத்தாழ 3 கோடிப் பேர்தான். மற்றதெல்லாம் கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்று காட்டும் 'நில்' ரிட்டர்ன். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் சராசரியே மாதம் 20 ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியென்றால் வருமான வரிக் குறைப்பு எதுவானாலும் அது மேல்பாதியில், அதிலும் மேல்தட்டில் நடக்கிற பேச்சு. அக்காவின் வீடு அந்தத் தண்ணீர் எட்டாத கடைமடை.

சரி, மேல்பாதிக்குள் என்ன நடந்தது? மெர்ச்சண்டைசர் தம்பிக்கு 75 ஆயிரம் நிலையான கழிவு போக, புது முறையில் (கழிவுகள் குறைவு, விகிதமும் குறைவு) 11 லட்சத்து 25 ஆயிரத்துக்கு முந்தைய ஆண்டு வரி 68,750, வரியின் மேல் போடும் செஸ் சேர்த்தால் 71,500. இப்போது பூஜ்யம், 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குக் கணக்கில் வரும் வரி முழுசாகத் தள்ளுபடி. முதலாளிக்கு எவ்வளவு? 24 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிற யாருக்குமே அடிப்படை வரியில் 1 லட்சத்து 10 ஆயிரம் குறைந்தது. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் அவருக்கு வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி உண்டு, அப்புறம் செஸ். எல்லாம் சேர்த்தால் 1 லட்சத்து 25 ஆயிரத்து 840 மிச்சம்.

"12 லட்சம் வரை" என்று அறிவித்த சலுகையில் 60 லட்சக்காரருக்கு ஏன் அதிகம் கிடைத்தது என்று நிறையப் பேர் கேட்பார்கள். வருமான வரி படிப்படியாகப் போடுவது. 60 லட்சம் சம்பாதிப்பவரும் முதல் 4 லட்சத்துக்கு வரியில்லாமல், அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று எல்லாப் படியையும் மிதித்துத்தான் மேலே வருகிறார். முன்பு 15 லட்சத்திலேயே தொடங்கிய 30 சதவீதப் படி இப்போது 24 லட்சத்தில்தான் தொடங்குகிறது. கீழே எந்தப் படியைச் செதுக்கினாலும் மேலே நிற்பவருக்கும் அந்தச் செதுக்கல் உண்டு. மேல் படியைச் செதுக்கினால் மட்டும் கீழே இருப்பவருக்கு எதுவும் வராது.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகப் போய்விடும். 71,500 என்பது தம்பியின் ஆண்டுச் சம்பளத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம். முதலாளிக்குக் கிடைத்தது அவர் வருமானத்தில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். ரூபாயில் பார்த்தால் முதலாளிக்கு லாபம், விகிதத்தில் பார்த்தால் தம்பிக்கு. ஆதரித்துப் பேசுகிறவர் விகிதத்தைக் காட்டுவார், எதிர்த்துப் பேசுகிறவர் ரூபாயைக் காட்டுவார். இரண்டுமே பொய் இல்லை. என்னைக் கேட்டால், 2025 குறைப்பை "பணக்காரருக்கான சலுகை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது, அது சம்பளக்கார மேல்நடுத்தரத்துக்கானது. பணக்காரருக்கான குறைப்புகள் வேறு ஆண்டுகளில், தலைப்புச் செய்தியாகாமல் வந்தன.

2023 பட்ஜெட்டை எடுங்கள். அன்றைக்குப் பேப்பர்களில் வந்தது "7 லட்சம் வரை வரி இல்லை". அதே உரையில் இன்னொரு வரி இருந்தது. ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குப் புது முறையில் சர்சார்ஜ் 37 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது. அவர்கள் செலுத்தும் உச்ச விகிதம் 42.74 சதவீதத்திலிருந்து 39 ஆனது. ஆண்டுக்கு 10 கோடி வருமானம் என்றால் சுமார் 37 லட்சம் ரூபாய் மிச்சம். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பதினோரு வருஷத்துக்கு மேல் சம்பாதிக்கிற தொகை அது. டீக்கடையில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இந்தப் பக்கத்துத் தொழில்காரர்களுக்கே சரியாகப் புரியாமல் போனது 2019 செப்டம்பர் குறைப்பு. கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக்கினார்கள். சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17. புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிக்கு அன்றைக்கு 15 சதவீதம். அரசுக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி குறையும் என்று அன்றைக்கே சொன்னார்கள். "தொழிலுக்கு வரி குறைந்தது" என்று கோவையிலும் திருப்பூரிலும் இனிப்பு கொடுக்காத குறைதான். அதற்கடுத்த வாரத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நமக்கு எப்பங்க இருந்து?"

சட்டத்தின் கண்ணில் அவர்கள் யாரும் கம்பெனி இல்லை. ஊரில் நாம் எல்லாவற்றையும் கம்பெனி என்றுதான் சொல்வோம். நாலு ஓவர்லாக், ரெண்டு பிளாட்லாக் மெஷின் போட்ட ஷெட்டும் கம்பெனிதான். ஆனால் அந்த வரிச் சலுகை பிரைவேட் லிமிடெட், லிமிடெட் என்று பதிவானவற்றுக்கு மட்டும். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள், திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகள், கோவையின் சின்ன பட்டறைகள் என்று கொங்கு நாட்டின் தொழிலில் பெரும்பகுதி ஒற்றை உரிமையாளர் பெயரிலோ, அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்த பார்ட்னர்ஷிப்பாகவோ ஓடுகிறது. பார்ட்னர்ஷிப்புக்கு வரி அன்றைக்கும் 30, இன்றைக்கும் 30 சதவீதம்தான். வருமானம் 1 கோடியைத் தாண்டினால் 12 சதவீத சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 34.94.

ஒரு நிட்டிங் தொழில் ஆண்டுக்கு 2 கோடி லாபம் காட்டுகிறது என்று வையுங்கள். பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் வரி சுமார் 69 லட்சத்து 90 ஆயிரம். அதே மெஷின், அதே நூல், அதே பையர், லிமிடெட் கம்பெனியாக இருந்தால் சுமார் 50 லட்சத்து 30 ஆயிரம். இதில் ஒரு நெளிவு உண்டு. பார்ட்னர் எடுத்துக்கொள்ளும் லாபப் பங்குக்கு மறுபடி வரி கிடையாது. கம்பெனியிலிருந்து டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்கான லாபமாக எடுத்தால், 2020-க்குப் பிறகு, எடுப்பவர் தன் விகிதத்தில் திரும்பவும் கட்ட வேண்டும். அதனால் லாபத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்தே ஆக வேண்டிய நடுத்தர முதலாளிக்கு லிமிடெட் ஆவதில் அவ்வளவு சுகமில்லை. லாபத்தை உள்ளேயே விட்டு வைக்க முடிகிறவருக்குத்தான் 25 சதவீதம் முழுசாகப் பலிக்கும். அவருக்குக் கம்பெனியின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும், விற்கும்வரை அதற்கு வரி இல்லை. விற்றாலும், 2024 ஜூலைக்குப் பிறகு நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு அடிப்படை விகிதம் 12.5 சதவீதம். உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு 30 சதவீதப் படி இருக்கிற நாட்டில், வைத்திருந்து விற்கும் பங்குக்கு 12.5. பெரிய வீட்டுக்கும் சாதாரண வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நான் இங்கேதான் கை காட்டுவேன்.

கழிவுகளும் இப்படித்தான் தலைகீழாக வேலை செய்யும். கழிவுகள் நிறைய உள்ள பழைய முறையில், சேமிப்புக்குக் கழிவு தரும் 80சி பிரிவில் 1.5 லட்சம் சேமித்தால் 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு 46,800 ரூபாய் மிச்சம். 5 சதவீதப் படியில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை, அந்த முறையில் 5 லட்சம் வரை எப்படியும் வரி முழுசாகத் தள்ளுபடி. அக்காவுக்கு மாதாமாதம் 12 சதவீதம் பிஎஃப் பிடிக்கிறார்கள். சட்டப்படி அதுவும் 80சி சேமிப்புதான். அவருக்கு வரியே இல்லாததால் அதனால் மிச்சம் ஒன்றுமில்லை. கையில் வரும் சம்பளத்தில் அவர் பார்க்கும் பிடித்தம் பிஎஃப்பும் இஎஸ்ஐயும்தான், வருமான வரிக் குறைப்பு எதுவும் அதைத் தொடாது.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்குப் பக்கம் செல்வம் என்பது தோட்டமும் தோப்பும் சைட்டும். இறந்தவர் விட்டுப்போன சொத்துக்குப் போட்ட எஸ்டேட் வரி 1985-லும் செல்வ வரி என்கிற வெல்த் டாக்ஸ் 2015-லும் போய்விட்டன. வெல்த் டாக்ஸ் 2013-14-இல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடிதான். அதை எடுத்துவிட்டு 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு கூடுதலாக 2 சதவீத சர்சார்ஜ் போட்டதில் அதைவிடப் பல மடங்கு வரும் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் சர்சார்ஜ் விழுவது வருமானத்தின் மேல். அவிநாசி ரோட்டில் சும்மா கிடக்கிற சைட் வருஷா வருஷம் விலை ஏறுவது எந்த ரிட்டர்னிலும் வராது.

அக்கா கட்டும் வரி எங்கே இருக்கிறது? கடையில். பல் துலக்கும் பேஸ்டில், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில், பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டில். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்களை மாற்றியபோது இவையெல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகின. அக்கா இந்த மாதிரிச் சாமான்களுக்கு மாதம் 1,500 ரூபாய் செலவழித்தால், கடைக்காரர் முழுசாகக் குறைத்துக் கொடுத்தால், மிச்சம் சுமார் 165 ரூபாய். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2 ஆயிரம். வீட்டு வருமானத்தில் 0.6 சதவீதம். வருமான வரிக் குறைப்பில் கிடைத்த பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் இது நிஜமான காசு.

அதே நாள், அதே ஜிஎஸ்டி குறைப்பில் பெரிய எஸ்யூவி கார்களுக்கு செஸ் சேர்த்து 50 சதவீதமாக இருந்த வரி 40 ஆனது. அடிப்படை விலை 30 லட்சம் உள்ள வண்டிக்கு 3 லட்சம் ரூபாய் குறைவு. 350 சிசி வரைக்குமான பைக், மொபெட்டுக்கு 28-இலிருந்து 18. அடிப்படை விலை 50 ஆயிரம் என்றால் 5 ஆயிரம் மிச்சம். அக்காவின் வீட்டில் மொபெட் வாங்குவது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை என்றாலும், இந்த 5 ஆயிரம் அவர்களுக்குப் பெரிய தொகை. தனிநபர் மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 18 சதவீத வரி முழுசாகப் போனது. மெர்ச்சண்டைசர் தம்பி 25 ஆயிரம் பிரீமியம் கட்டுகிறார், அவருக்கு 4,500 மிச்சம். அக்காவுக்கு இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது, பிரீமியம் கட்டுவதில்லை.

ஜிஎஸ்டி குறைப்பில் இன்னொரு சிக்கல், அது ஏறவும் செய்யும். கோவை வெட்கிரைண்டரின் கதையைக் கேளுங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம். அந்த நவம்பரில் 12. 2019-இல் 5. "பாருங்கள் குறைத்துவிட்டோம்" என்றார்கள். 2022 ஜூலையில் 18. ஐந்து வருஷத்தில் நான்கு விகிதம். மாவாட்டும் கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. அடுக்குகளின் குழப்பத்துக்கு 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சரிடமே எடுத்துச் சொன்ன பன் கதை ஊருக்கே தெரியும். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், கிரீமைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர் சொல்கிறார் என்றார்.

பெட்ரோல் வரி மட்டும் கொஞ்சம் வேறு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது, ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று சொல்லித்தான் செய்தது. மாதம் 15 லிட்டர் போடுகிற மொபெட்காரருக்கு 45 ரூபாய், 100 லிட்டர் போடுகிற கார்க்காரருக்கு 300. இங்கும் ரூபாயில் கார்க்காரர்தான் மேலே. ஆனாலும் ஷிப்டுக்குப் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. எல்லையை முன்கூட்டியே கட்டிவிட்டுக் குறைப்பதும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு செய்தது. அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய்தான், ஆனால் அது மேலே ஏறிப் போக வழியில்லை.

எந்தக் குறைப்புக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. அரசுக்குக் குறைந்த பணம் யாருடையது? 2025 வருமான வரிக் குறைப்பால் இழப்பு சுமார் 1 லட்சம் கோடி. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று சொல்வது நிதிக் குழு. அந்த ஆண்டு நடப்பில் இருந்த 15-வது நிதிக் குழுவின் பகிர்வுப்படி மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் தமிழ்நாட்டின் பங்கில் ஏறத்தாழ 1,670 கோடி. வரி குறைந்தால் மக்கள் செலவழிப்பார்கள், வேறு வழியில் வசூல் ஏறும் என்பது அரசின் வாதம். ஓரளவு ஏறவும் ஏறும். ஆனால் மெர்ச்சண்டைசர் தம்பியின் 71,500-இல் ஒரு சிறு பங்கு அக்காவின் பிள்ளை படிக்கிற அரசுப் பள்ளிக்கும், அக்கா கட்டணமில்லாமல் போகிற டவுன் பஸ்ஸுக்கும் வந்துகொண்டிருந்தது என்பதை இந்த வாதம் மறைத்துவிடுகிறது. சர்சார்ஜும் செஸ்ஸும் மட்டும் மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை, அது மத்திய அரசின் தனிப்பை.

அமெரிக்காவில் இதே விஷயம் இன்னும் பச்சையாக நடந்தது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான வரிக் குறைப்புச் சட்டம், ஏழைகளுக்கான மருத்துவ, உணவு உதவிகளையும் சேர்த்து வெட்டியது. மிகக் கீழே இருக்கும் 10 சதவீத வீடுகளுக்கு ஆண்டுக்கு சுமார் 1,200 டாலர் நஷ்டம், மேலே இருக்கும் 10 சதவீதத்துக்கு சுமார் 13,600 டாலர் லாபம் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27-இல் பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு 50 சதவீத இறக்குமதி வரி வந்தது. ஒரு பக்கம் வருமான வரியைக் குறைத்துவிட்டு, இன்னொரு பக்கம் பனியனுக்கு வரி போட்டார்கள். அதில் ஒரு பங்கு அங்கே கடையில் டீ சர்ட் வாங்குகிறவர் தலையில். இன்னொரு பங்கு, பையர் கேட்ட தள்ளுபடியாகத் திருப்பூருக்கு வந்தது. அப்படி வந்தது எத்தனை வீடுகளில் ஷிப்ட் குறைப்பாக முடிந்தது என்பதை அந்தத் தீபாவளி சமயத்தில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஊரில் மறுபக்கம் பெரும்பாலும் வாடகையாக வரும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சிகளில் வீட்டுச் சொத்து வரியை உயர்த்தினார்கள். சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம். காகிதத்தில் நியாயமான ஏணிதான். ஆனால் அக்கா இருப்பது லைன் வீடு, ஒரே காம்பவுண்டில் எட்டு வீடு, ரெண்டு கக்கூஸ். சொத்து வரி ரசீது அவர் பெயரில் இல்லை. அது வாடகைக்குள்ளே இருக்கிறது, எத்தனை ரூபாய் என்று அவருக்குத் தெரியாது, எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் கட்டியதாக வராது.

ஜிஎஸ்டி குறைந்து ரெண்டு மாதம் கழித்து அதே கம்பெனியில் அவரைப் பார்த்தேன். விட்டுப்போன பாதிப் பதிலைச் சொல்லிவிடலாம் என்று மாதம் 165 ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். பர்சிலிருந்து ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டினார். விலை அதே ஐந்து ரூபாய், எடைதான் கொஞ்சம் கூட இருந்தது.

"பிஸ்கட்டு ஒண்ணு கூட இருக்குதுங்க தம்பி, நானும் எண்ணிப் பாத்தனுங்க. ஆனா லைன் வீட்டுக்காரரு இந்த மாசத்துல இருந்து முந்நூறு ஏத்திட்டாருங்க. அதையுங் கழிச்சுட்டுச் சொல்லுங்க."